கதை எழுதியவரும் கணக்கு எழுதியவரும்

ரயில் சமாசாரம் ஏதாவது இருக்கும் என்று நினைத்து இந்தப் பக்கத்தைத் திருப்பிய அன்பர்கள் மன்னிக்க வேண்டும். இந்த முறை டிஸ்கோவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். "அறுபத்தாறு வயதில் இது உங்களுக்குத் தேவையா?" என்று வீட்டில் கேள்வி எழுந்துவிட்டது. தேவைதான். பல வருடங்களுக்கு முன் என் மகளிடம் வாதாடி நான் ஜெயித்த ஒரு வழக்கில், நான் கூண்டில் ஏற்றிய சாட்சி பொய்ச்சாட்சி என்று இப்போது தெரிய வந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

அவள் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. லோயர் பரேல் பக்கம் பழைய மில் வளாகம் ஒன்றில் நடனக் கூடம் திறந்திருந்தார்கள். சனிக்கிழமை இரவு வெளிநாட்டிலிருந்து யாரோ டி.ஜே. வருகிறார், தோழிகளோடு போய்வருகிறேன் என்று கேட்டாள். குடிப்பதற்கு அல்ல, ஆடுவதற்கு என்று தெளிவாகவே சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை. "அந்த இடமெல்லாம் எப்படி என்று எனக்குத் தெரியும். படமே வந்திருக்கிறது. அதுவும் கற்பனை இல்லை, பத்திரிகைக்காரன் நேரில் பார்த்து எழுதியதை வைத்து எடுத்த படம்" என்றேன். 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தைத்தான் சொன்னேன். 1980-களில், டோம்பிவிலியில் நாங்கள் நாலைந்து குடும்பம் சேர்ந்து வீடியோ பிளேயர் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலத்தில் பார்த்தது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் பெயின்ட் கடையில் வேலை பார்க்கும் ஒரு பையன். வாரம் முழுக்க ஒன்றுமில்லாதவன், சனிக்கிழமை இரவு மட்டும் நடன மேடையில் ராஜா. அவனைச் சுற்றி அடிதடி, பெண்ணைக் கெடுத்தல், பாலத்திலிருந்து விழுந்து ஒரு சாவு. பெண்ணைப் பெற்றவன் ஒருவன் இதைப் பார்த்துவிட்டு என்ன முடிவுக்கு வருவானோ, அந்த முடிவுக்குத்தான் நானும் வந்திருந்தேன். அவள் போகவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

போன தீபாவளிக்கு வந்தவள் தடிமனான ஒரு புத்தகத்தை என் மடியில் போட்டாள். "அப்பா, நீங்கதான் ரிஜிஸ்டர் படிக்கிற ஆளாச்சே. இதைப் படிச்சுப் பாருங்க" என்றாள்.

ரிஜிஸ்டர் படிக்கிற ஆள் என்று அவள் சொன்னதற்கு ஒரு விளக்கம் தர வேண்டும். நான் சிக்னல் பிரிவில் இருந்தவன். எங்கள் உத்தியோகத்தில் ஏதாவது கோளாறு நடந்தால் முதலில் வருவது கதைகள். ஒரு சமயம் சிறு நிலையம் ஒன்றுக்கு வெளியே வண்டி இருபது நிமிடம் நின்றுவிட்டது. டிரைவர் ஒரு கதை சொன்னார், கேட்மேன் ஒரு கதை சொன்னார். எங்கள் பிரிவுக்காரர் சொன்ன கதைதான் எல்லாவற்றிலும் அழகானது. மழை, இடி, மாடு எல்லாம் அதில் வந்தன. கடைசியில் விஷயத்தைத் தீர்த்தது ஸ்டேஷன் மாஸ்டர் மேஜையில் கிடந்த ரயில் சிக்னல் ரிஜிஸ்டர். கோணல் கையெழுத்தில் நேரம், நிமிடம், வண்டி எண். அதை வைத்துப் பார்த்தபோது தப்பு எங்கள் ரிலேயில்தான் என்று தெரிந்தது. நடந்த நேரத்தில் எழுதிய நாலு எண்களுக்கு உள்ள மதிப்பு, பிறகு சொல்லும் நாற்பது பக்கக் கதைக்கு இல்லை என்பது அன்று முதல் என் கட்சி.

மகள் கொடுத்த புத்தகமும் அப்படிப்பட்ட ரிஜிஸ்டர்தான். வின்ஸ் அலெட்டி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1973-லிருந்து 1978 வரை எழுதியவற்றின் தொகுப்பு, பெயர் 'தி டிஸ்கோ ஃபைல்ஸ்'. 'ரிக்கார்டு வேர்ல்டு' என்று இசைத்தட்டு வியாபாரிகளுக்காக ஒரு வாரப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதில் 1974 நவம்பரில் 'டிஸ்கோ ஃபைல்' என்ற பகுதியை அவர் தொடங்கினார். அந்தப் பத்திரிகை 1982-ல் நின்றுபோயிற்று. பழைய வியாபாரப் பத்திரிகையை யார் கட்டி வைப்பார்கள்? 2009-ல்தான் இவற்றைத் தேடி எடுத்துப் புத்தகமாகப் போட்டார்கள். அதற்குள் முப்பது வருடம் ஓடிவிட்டது.

முதல் இருபது பக்கம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இந்த வாரம் வந்த தட்டு இது, பாடியவர் இவர், இத்தனை நிமிடம் இத்தனை விநாடி ஓடுகிறது, நடுவில் பாட்டு நின்று தாளம் மட்டும் வருகிற இடம் நன்றாக இருக்கிறது. பிறகு பட்டியல்கள். இந்த ஊரில் இந்தக் கூடத்தில் இந்த டி.ஜே. இந்த வாரம் எந்தப் பத்துப் பாட்டுக்களை அதிகம் போட்டார் என்று பெயரோடு வரும். நியூயார்க் மட்டுமல்ல, பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ என்று பல ஊர்கள். அடுத்த வாரம் வேறு டி.ஜே., வேறு பட்டியல். நாலைந்து வருடம் இப்படியே போகிறது.

நமக்குப் பழக்கமான சங்கீத விமர்சனம் வேறு வகை. 1930-களில் ஆனந்த விகடனில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் 'ஆடல் பாடல்' பகுதி எழுதினார். டில்லிவாழ் அன்பர்களுக்குச் சுப்புடுவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இவர்கள் தீர்ப்புச் சொன்னவர்கள். அந்தத் தீர்ப்பின் ருசிக்காகவே படித்தோம். அலெட்டியிடம் அந்த ருசி குறைவு. கிண்டல் இல்லை, குட்டு இல்லை. பிடித்ததை எழுதுகிறார், பிடிக்காததைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார். ஆனால் நூறு பக்கம் தாண்டியதும் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரே பாட்டு ஒரு ஊரில் கிளம்பி, நாலு வாரத்தில் இன்னொரு ஊர்ப் பட்டியலில் ஏறி, பிறகு மெதுவாகக் கீழே இறங்குவதைப் பார்க்கும்போது கன்ட்ரோல் ஆபீஸ் சார்ட்டில் வண்டிகள் நகர்வதைப் பார்ப்பது போல இருந்தது. அது என் தொழில் பைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கங்களில் வரும் டிஸ்கோ நான் பார்த்த படத்தில் வந்த டிஸ்கோ இல்லை. உதாரணத்துக்கு டேவிட் மன்கூஸோ. அநாதை விடுதியில் வளர்ந்தவர். அங்கே ஒரு கன்னிகாஸ்திரீ குழந்தைகளுக்காக பலூன் கட்டி, இசைத்தட்டுப் பெட்டி வைத்துக் கொண்டாட்டம் நடத்துவாராம். வளர்ந்த பிறகு மன்கூஸோ 1970 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கில், தாம் குடியிருந்த பழைய கிடங்கு மாதிரியான வீட்டிலேயே அதைப் பெரியவர்களுக்காக நடத்த ஆரம்பித்தார். பெயர் 'லாஃப்ட்'. அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி. மது விற்பனை கிடையாது. பழம், சாப்பாடு, கூரை முழுக்க பலூன். நல்ல ஒலிபெருக்கிகளுக்காகத் தம் கையிலிருந்ததையெல்லாம் கொட்டினார். வந்தவர்கள் கறுப்பினத்தவர், புவர்ட்டோரிக்கோவிலிருந்து குடியேறிய ஸ்பானிய மொழிக்காரர்கள், தன்பால் விருப்பமுள்ளவர்கள். வேறு எங்கே போனாலும் வாசலில் ஏற இறங்கப் பார்க்கப்படுகிறவர்கள். மது இல்லை, அழைப்பிதழ் உண்டு, சாப்பாடு உண்டு, பலூன் உண்டு என்று படித்ததும் நம் சங்க ஆண்டு விழா ஞாபகம்தான் வந்தது. ஒரே வித்தியாசம், அங்கே ஒலிபெருக்கி நன்றாக வேலை செய்தது.

ரேடியோ காட்டிக்கொடுத்த வழியில் ஜனங்கள் ஆடிய காலம் மாறி, ஜனங்கள் ஆடிய வழியில் ரேடியோ போக ஆரம்பித்த கதையும் இதில் இருக்கிறது. மனு திபாங்கோ என்று கேமரூன் நாட்டு சாக்ஸபோன் வித்வான், பாரிஸில் வசித்தவர். 1972-ல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பைப் போட்டி கேமரூனில் நடந்தபோது அதற்காக ஒரு பாட்டு செய்து தட்டு வெளியிட்டார். தட்டின் மறுபக்கத்தை நிரப்ப 'சோல் மகோஸா' என்று இன்னொன்று. அந்த மறுபக்கம் புரூக்ளின் கடை ஒன்றின் வழியாக மன்கூஸோ கைக்கு வந்தது. லாஃப்டில் போட்டார், ஜனங்கள் விடவில்லை. ஃபிராங்கி கிராக்கர் என்ற ரேடியோ அறிவிப்பாளர் எடுத்துக்கொண்டார். கடையில் தட்டு கிடையாது, கேட்பவர்களோ ஏராளம். அது கிடைக்காத கோபத்தில் உள்ளூர்க் குழுக்கள் தாங்களே அதே பாட்டை வாசித்துத் தட்டுப் போட்டு விற்றன. கடைசியில் பெரிய கம்பெனி உரிமை வாங்கி வெளியிட, 1973-ல் 'பில்போர்டு' பட்டியலில் 35-ஆம் இடம் வரை போயிற்று. அந்த வருடம் செப்டம்பரில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் இந்தக் கூடங்களைப் பற்றி அலெட்டி ஒரு கட்டுரை எழுதினார். டிஸ்கோவைப் பற்றி வந்த முதல் கட்டுரை என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு பாட்டு மேலே ஏறும்போதே பக்கத்தில் நின்று எழுதியது அது.

இனி வருவது என் தொழிலுக்குக் கொஞ்சம் பக்கத்து விஷயம் என்பதால் நிதானமாகச் சொல்லப் போகிறேன். பிடிக்காதவர்கள் ஒரு பாரா தாண்டிவிடலாம். ஏழு அங்குலச் சிறு தட்டில் மூன்று நான்கு நிமிடப் பாட்டுத்தான் சுகமாக அடங்கும். தட்டில் உள்ள வரி ஒரே சுருள். தாழ்ந்த சுரம், அதாவது மத்தளம், பேஸ் கிதார் மாதிரியான ஒலி வரும்போது வெட்டும் ஊசி பக்கவாட்டில் அகலமாக ஆடும். வரிகள் நெருக்கமாக இருந்தால் ஒன்று மற்றதில் இடித்துவிடும். எனவே அதிக நேரம் அடைக்க வேண்டுமானால் ஒலியளவையும் தாழ்ந்த சுரத்தையும் குறைத்துத்தான் வெட்டியாக வேண்டும். ஆடுகிறவர்களுக்கு வேண்டியதோ நீளமும் அந்தத் தாழ்ந்த அடியும்தான். டாம் மோல்ட்டன் என்பவர் பாட்டுக்களை ஒட்டி வெட்டி நீட்டிக் கொடுப்பதில் கெட்டிக்காரர். இவரும் 1974-லிருந்து பில்போர்டில் டிஸ்கோ பகுதி எழுதியவர். ஒருநாள் மாதிரித் தட்டு வெட்டப் போனபோது, வெட்டித் தருபவரான ஹோஸே ரோட்ரிகெஸிடம் ஏழு அங்குல வெற்றுத் தட்டு தீர்ந்துபோயிருந்தது. இருந்தது பத்து அங்குலம். அவ்வளவு பெரிய தட்டில் ஓரமாக ஒரு நூல் கனத்துக்கு வரி இருந்தால் பார்க்கச் சகிக்காது என்று மோல்ட்டன் சொல்ல, வரிகளை அகலப் பரப்பி ஒலியைக் கூட்டி வெட்டினார்கள். போட்டுக் கேட்டால் கூடமே அதிர்ந்தது. அதிலிருந்து பன்னிரண்டு அங்குலத்துக்குப் போனார்கள். 1976-ல் 'டபுள் எக்ஸ்போஷர்' குழுவின் 'டென் பெர்சென்ட்' கடையில் விற்பனைக்கு வந்த முதல் பன்னிரண்டு அங்குல ஒற்றைப் பாட்டுத் தட்டு. மூன்று நிமிடச் சொச்சப் பாட்டை வால்ட்டர் கிப்பன்ஸ் என்ற டி.ஜே. கிட்டத்தட்ட பத்து நிமிடமாக நீட்டியிருந்தார். ஒரு ஸ்டோரில் சரக்கு தீர்ந்துபோனதால் பிறந்த சாதனம் இது. ரயில்வே ஸ்டோர்ஸில் சரக்கு தீர்ந்தபோது எங்களுக்கு இப்படி எதுவும் பிறக்கவில்லை, மெமோ மட்டும்தான் பிறந்தது.

இப்போது சாட்சிக்கு வருகிறேன்.

1976 ஜூனில் 'நியூயார்க்' என்ற வாரப் பத்திரிகையில் நிக் கோன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், சனிக்கிழமை இரவுச் சடங்குகள் என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். புரூக்ளினின் பே ரிட்ஜ் பகுதியில் '2001 ஒடிஸி' என்ற நடனக் கூடம், அதில் வின்சென்ட் என்ற இத்தாலிய வழி இளைஞன், அவன் கூட்டாளிகள். எழுதியதெல்லாம் உண்மை, பெயர்கள் மட்டும் மாற்றப்பட்டுள்ளன என்ற தோரணையில் குறிப்பும் சேர்த்து அச்சிட்டார்கள். எழுத்து அபாரம், மகள் அதையும் எடுத்துக் கொடுத்ததால் படித்தேன். அலெட்டியை விடப் பத்து மடங்கு நன்றாக எழுதுகிறார் கோன். ராபர்ட் ஸ்டிக்வுட் என்ற தயாரிப்பாளர் உரிமையை வாங்கினார். 1977 டிசம்பரில் ஜான் டிரவோல்டா நடித்துப் படம் வந்தது. 'பீ ஜீஸ்' சகோதரர்களின் பாட்டுத் தட்டு கோடிக்கணக்கில் விற்றது. உலகம் முழுக்க டிஸ்கோ என்றால் அந்த வெள்ளை சூட்டும் வானத்தை நோக்கிய விரலும்தான் என்று ஆயிற்று.

இருபது வருடம் போன பிறகு கோன் ஒப்புக்கொண்டார். வின்சென்ட் என்று ஒருவன் இல்லை. அவர் முதல் தடவை அந்தக் கூடத்துக்குப் போனபோது வாசலில் சண்டை; ஒருவன் இவர் கால்சட்டையில் வாந்தி எடுத்துவிட, இவர் வந்த காரிலேயே திரும்பிவிட்டார். திரும்பவும் போனார், ஆனால் அந்தப் பையன்களின் உலகம் அவருக்குப் பிடிபடவில்லை. பத்திரிகைக்குக் கட்டுரை தந்தாக வேண்டும். 1960-களில் லண்டனில் தமக்குத் தெரிந்த ஓர் இளைஞனை எடுத்து புரூக்ளினில் நட்டுவைத்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். லண்டன் பையனுக்கு நியூயார்க் வேஷம். அந்த வேஷத்துக்கு ஹாலிவுட் சூட். அந்த சூட்டை டோம்பிவிலியில் பார்த்துவிட்டு நான் லோயர் பரேலுக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

படம் மோசம் என்று நான் சொல்லவில்லை. கூடங்களில் தப்புத்தண்டாவே நடக்கவில்லை என்றும் சொல்லவில்லை. கோன் கால்சட்டையே அதற்குச் சாட்சி. இன்றைக்கு அதே கேள்வியோடு மகள் வந்தால் எத்தனை மணிக்குத் திரும்புவாய், யார் வண்டி ஓட்டுவது என்று கேட்டிருப்பேன். படத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

அந்தக் கதை செய்த வேலை அதோடு நிற்கவில்லை. படத்துக்குப் பிறகு அமெரிக்காவில் ரேடியோ நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக டிஸ்கோவுக்கு மாறின. சிகாகோவில் ஸ்டீவ் டால் என்ற ராக் இசை அறிவிப்பாளருக்கு அப்படி ஒரு மாற்றத்தில் வேலை போயிற்று. வேறு நிலையத்தில் சேர்ந்தவர் டிஸ்கோ எதிர்ப்பையே தம் நிகழ்ச்சியாக ஆக்கிக்கொண்டார். 1979 ஜூலை 12 அன்று கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில், சிகாகோ, டெட்ராய்ட் அணிகளுக்கு ஒரே நாளில் இரண்டு ஆட்டம். ஒரு டிஸ்கோ தட்டோடு வந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். ஐம்பதாயிரம் பேர் அளவில் கூடிவிட்டார்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் தட்டுக்களை மைதானத்தின் நடுவில் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் உள்ளே இறங்கியது, புல்தரை பற்றியது, போலீஸ் வந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையிலிருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையன், ஜனங்கள் கொண்டுவந்து போட்டதில் டிஸ்கோவே அல்லாத தட்டுக்களும் நிறைய இருந்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவை கறுப்பினப் பாடகர்களின் தட்டுக்கள். பல பத்திரிகைகள் இதை வேடிக்கையாக எழுதிவிட்டுப் போக, அந்த வருடக் கடைசியிலேயே ரோலிங் ஸ்டோனில் டேவ் மார்ஷ் இந்த வெறுப்பு பாட்டின் மேல் மட்டுமா, அதைப் பாடுகிறவர்கள், ஆடுகிறவர்கள் மேலா என்று எழுதியிருந்தார். இன்று எல்லோரும் சொல்வதை அவர் அன்றே அச்சில் போட்டிருக்கிறார். பழைய தாளைப் புரட்டாவிட்டால் அது எப்படித் தெரியும்?

அதே வின்ஸ் லாரன்ஸ், ஜெஸ்ஸி சாண்டர்ஸ் என்பவரோடு சேர்ந்து 1984-ல் 'ஆன் அண்ட் ஆன்' என்ற தட்டைச் செய்தார். சிகாகோவின் 'ஹவுஸ்' இசையில் முதல் தட்டு என்று அதைச் சொல்வார்கள். நியூயார்க்கிலிருந்து போன ஃபிராங்கி நக்கிள்ஸ் அந்த ஊரில் 'வேர்ஹவுஸ்' என்ற கூடத்தில் டிஸ்கோ தட்டுக்களைப் போட்டுக்கொண்டிருந்தார். ஹவுஸ் என்ற பெயரே அதிலிருந்து வந்தது. டிஸ்கோ செத்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. அது வெடிவைத்த ஊரிலேயே பெயரை மாற்றிக்கொண்டு குடியிருந்தது.

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. பெங்களூரில் பிறந்து லண்டன் போன பித்து, 1974-ல் கார்ல் டக்ளஸைப் பாட வைத்த 'குங் ஃபூ ஃபைட்டிங்' உலகெங்கும் ஓடியது. அவரே 1980-ல் 'குர்பானி' படத்துக்கு நாஜியா ஹசனை வைத்து ஒரு பாட்டுப் போட்டார். நான் பம்பாய் வந்த 1982-ன் கடைசியில் 'டிஸ்கோ டான்ஸர்' வெளியாயிற்று. அடுத்த வருடக் கணபதிக்குப் பந்தல் பந்தலாக அதுதான். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. யாருக்கும் தெரியாமல் போனது ஒன்று உண்டு. அதே 1982-ல் இதே பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற சினிமா வாத்தியக்காரர், பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு தட்டுப் பதிவு செய்தார். பைரவி, தோடி, யமன், பூபாளி, மால்கவுன்ஸ் என்று வரிசை. நம் கணக்கில் யமன் கல்யாணி, பூபாளி மோகனம், மால்கவுன்ஸ் ஹிந்தோளம். வாசித்தது ரோலண்ட் கம்பெனியின் மூன்று மின்னணுக் கருவிகளில்: ஜூபிட்டர்-8 என்ற சிந்தசைசர், டி.ஆர்-808 என்ற தாளக் கருவி, டி.பி-303 என்ற பேஸ் கருவி. தட்டு விற்கவில்லை. பேச்சும் இல்லை.

டி.பி-303 பேஸ் கிதார் வாசிப்பவருக்குப் பதிலாக இருக்கட்டும் என்று செய்த கருவி. அந்த வேலையில் அது தோற்றுப்போய், 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமானாக மலிவு விலையில் கிடைத்ததைச் சிகாகோப் பையன்கள் வாங்கித் திருகிப் பார்த்ததில் வந்த ஒலிதான் 'ஆசிட் ஹவுஸ்'. 'ஃபியூச்சர்' குழுவின் 'ஆசிட் டிராக்ஸ்' 1987-ல் வந்தது. எடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளர் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கண்டெடுத்து 2010-ல் மறுபடி வெளியிட்டபோது கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள். சிகாகோ ஒலி ஐந்து வருடம் முன்னதாகவே பம்பாயில் இருக்கிறதே! இது இப்போது யாரோ செய்துவிட்டுப் பழைய தேதி போட்ட மோசடி என்றுகூடப் பலர் சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்பட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1982-ல் ஒரு அலெட்டி இங்கே இருந்து, "இந்த வாரம் இந்தத் தட்டு வந்தது, இத்தனை நிமிடம், இந்தக் கருவி" என்று நாலு வரி எழுதியிருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. நல்லவேளை, சிங் உயிரோடு இருந்தார். எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பாவுக்குப் போய் மேடையில் வாசித்துக் காட்டினார். 2015-ல் காலமானார்.

வாட்ஸ்அப்பில் இப்போது ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் இந்தியர்தான் என்று மார்தட்டிச் செய்தி வருகிறது. அதுவும் கதைதான். சிகாகோக்காரர்கள் அவர் தட்டைக் கேட்டிருக்கவில்லை. இரண்டு ஊரில் இரண்டு பேர் ஒரே கருவியைத் திருகினால் ஒரே மாதிரி ஒலி வரும், அவ்வளவே. முன்னால் நடந்தது என்பதால் அது பின்னால் நடந்ததற்குக் காரணம் ஆகிவிடாது. எங்கள் விசாரணைகளில் முதல் பாடமே அது.

அலெட்டியின் பட்டியல்களில் வரும் பெயர்களை மகள் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறாள். பலவற்றின் பக்கத்தில் ஒரு வருடம் எழுதியிருக்கிறது. நான் முதலில் தட்டு வந்த வருடம் என்று நினைத்தேன். இல்லை, அவர்கள் இறந்த வருடம். அந்த உலகத்து ஜனங்களில் ஏராளமானவர்களை 1980-களிலும் 90-களிலும் எய்ட்ஸ் கொண்டுபோய்விட்டது. அந்தப் பத்து நிமிடத் தட்டைச் செய்த வால்ட்டர் கிப்பன்ஸும் அவர்களில் ஒருவர். 1994-ல், நாற்பது வயதில். இவர்கள் சுயசரிதை எழுதவில்லை, பேட்டி கொடுத்துக் கிழவர்கள் ஆகவில்லை. எந்த வாரம் எந்தத் தட்டைப் போட்டார்கள் என்ற பத்து வரிதான் பலர் விட்டுப்போனது.

எங்கள் பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடியில் ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கம். ஹிந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் பாங்கோஸும் தும்பாவும் வாசித்தார். எந்தெந்தப் பாட்டு என்று கேட்டால் சிரிப்பார். "ஸார், தட்டு அட்டையிலே எங்க பேரைப் போடுவானா? ஷிஃப்ட் முடிஞ்சா காசு, அவ்வளவுதான்" என்பார். ஆறு வருடம் முன் போய்விட்டார். புத்தகத்தை முடித்த வாரம் அவர் மனைவியைப் பார்க்கப் போனேன், மகளும் வந்தாள். பேச்சுவாக்கில், அவர் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்டேன்.

"பாட்டைப் பத்தி ஒண்ணும் எழுதலையே அண்ணா. பாக்கிக் கணக்குதான் எழுதுவார், ஏமாத்திடுவாங்கன்னு" என்று சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியிலிருந்து பதினோரு டைரிகளை எடுத்து வைத்தார். தேதி, ஸ்டூடியோ, எத்தனை ஷிஃப்ட், வர வேண்டிய ரூபாய். வந்துவிட்டால் ஒரு டிக். நான் பார்த்த ரிஜிஸ்டர்களிலேயே சுத்தமான கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வருகிறாள். தேதிகளைப் படங்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். 1980-ஆம் வருட டைரியில் ஒரு பக்கத்தில் "மெஹபூப், 2 ஷிஃப்ட், டிஸ்கோ" என்று இருக்கிறது. டிக் இல்லை. எந்தப் படம் என்று இன்னும் கிடைக்கவில்லை.